மங்களம் பாடித்தான் எழுந்திருக்கணும்!



இன்றைக்குத் தலைப்பு என்ன? நெடுங்காலம் ஓடிய துப்பறியும் தொடருக்கு விடைகொடுப்பதில் சிறந்தது எது? முடித்து வைப்பதா, முடிக்காமல் விட்டு வைப்பதா? நான் 'முடித்து வைப்பதே' என்கிற அணியில் பேச வந்திருக்கிறேன். கிளம்பும்போது என் மனைவி கேட்டாங்க, "நீங்க எந்தக் கட்சி?" "முடிச்சு வைக்கிற கட்சி"ன்னேன். "பேச ஆரம்பிச்சா முடிக்கவே தெரியாத மனுஷன் நீங்க. உங்களைப் போய் அந்தக் கட்சியில போட்டிருக்காங்களே, நடுவருக்கு ஆளே கிடைக்கலையா?"ன்னாங்க. (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருவோம். எதிரணித் தலைவர் ஒரு வாதம் வைத்தார். நல்ல வாதம். "தமிழன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டான், போயிட்டு வரேன்னுதான் சொல்லுவான். அதனால கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவதுதான் நம்ம பண்பாடு" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, 'போயிட்டு வரேன்'னு சொல்றதுக்கு முதல்ல என்ன வேணும்? வாசல்ல ஒருத்தர் நின்னு சொல்லணும். எதிர்ல ஒருத்தர் நின்னு கேட்கணும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கணும். அதுக்குப் பேர்தான் விடைபெறுதல். யார்கிட்டேயும் சொல்லாம கொள்ளாம கொல்லைப்பக்கமா இறங்கிப் போறவனுக்கு நம்ம ஊர்ல வேற பேரு! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவது நம்ம இந்தியத் தொடர். மும்பையைக் களமாகக் கொண்டு, இந்தியில் வந்த தொடர். பெயர் 'சி.ஐ.டி.' 1998 ஜனவரி 21-ஆம் தேதி ஆரம்பித்தது. பி.பி.சிங் உருவாக்கியது. ஏ.சி.பி. பிரத்யுமனாக சிவாஜி சாட்டம், அபிஜீத்தாக ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, தயாவாக தயானந்த் ஷெட்டி. இந்தி தெரியாத ஆளுக்குக்கூட அதிலே ஒரு வசனம் தெரியும். "தயா, கதவை உடை!" அவ்வளவுதான். தயா தோளைக் கொடுப்பார், கதவு உள்ளே போய் விழும். காலிங் பெல் இருக்கான்னு பார்க்க மாட்டார். கதவு பூட்டியிருக்கா, சும்மா சாத்தியிருக்கான்னு பார்க்க மாட்டார். (சிரிப்பு) அப்புறம் ஆய்வுக்கூடம். டாக்டர் சாலுங்கே நிப்பார். கண்ணாடிக் குடுவையில் கலர் கலரா ஏதோ கொதிக்கும். அது என்ன தண்ணின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு முடியை வெச்சு, ஒரு நூலை வெச்சு, கொலைகாரனைக் கண்டுபிடிச்சிடுவாங்க.

சிரிக்கிறோம். சிரிச்சுக்கிட்டேதான் 20 வருஷம் ஜனங்க பார்த்தாங்க. 1,500 அத்தியாயங்களுக்கு மேல். ஏன் பார்த்தாங்க? அதை யோசிச்சுப் பாருங்க. மற்றத் தொடர்களிலே அத்தியாயம் முடியும்போது என்ன நடக்கும்? மருமகள் கையில பால் டம்ளர், மாமியார் முகத்தை மூணு தடவை காட்டுவான், டமார் டமார்னு இசை, 'தொடரும்'! குடிச்சாளா இல்லையான்னு தெரியாம நாம ராத்திரி தூங்க முடியாது. (சிரிப்பு) துப்பறியும் தொடர் அப்படி இல்லைங்க. அது நமக்கு ஒரு வாக்கு கொடுக்குது. "இதோ பாரப்பா, ஒரு பிணம் விழுந்திருக்கு. யார் செஞ்சாங்கன்னு தெரியாது. ஆனா நீ எழுந்து போறதுக்குள்ள நான் சொல்லிடுவேன். செத்தவனுக்கு ஒரு பதில் கிடைக்கும். செஞ்சவன் கையில விலங்கு மாட்டும்." நிஜ வாழ்க்கையிலே அது கிடைக்கிறதா ஐயா? கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. அப்பா போட்ட வழக்குக்குப் பிள்ளை நடக்கிறான். அப்படிப்பட்ட நாட்டிலே, வாரா வாரம் ஒரு வழக்கு முடியுதுன்னா, அது பொழுதுபோக்கு இல்லை, அது மனசுக்கு ஒரு மருந்து. அந்த ஏ.சி.பி. பிரத்யுமன், குற்றவாளியாய்ப் போன தன் சொந்த மகனையே சுட்டவர் என்று கதை. மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது புரியாதா?

ஆக, என் அணியின் முதல் வாதம் இது. முடிவு கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு தொடர், தனக்கு ஒரு முடிவு இல்லாமல் போகலாமா? 1,500 பேரோட கோப்பை மூடினவங்க, தங்களோட கோப்பைத் திறந்தபடியே மேசை மேல போட்டுட்டுப் போகலாமா? (கைதட்டல்)

என்ன நடந்தது தெரியுமா? 2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு ஒளிபரப்பானதோடு சரி. நிறுத்திவிட்டார்கள். நிறுத்தும்போது என்ன அறிவித்தார்கள்? முடிந்தது என்று சொல்லவில்லை. "இடைவேளை" என்று சொன்னார்கள்! ஐயா, நமக்குத் தெரியாத இடைவேளையா? இடைவேளைன்னா வெளியே போனோமா, ஒரு டீ, ஒரு போண்டா, குழந்தைக்கு ஒரு முறுக்கு, மணி அடிச்சா உள்ளே வந்து உட்கார்ந்துடணும். இது எவ்வளவு நேர இடைவேளை? ஆறு வருஷம்! (சிரிப்பு) வாங்கின டீ ஆறி, போண்டா ஊசிப்போய், கூட்டிக்கிட்டுப் போன குழந்தை காலேஜ் முடிச்சிடுச்சு! (பலத்த சிரிப்பு)

இதே தொடர்தான் 2004-இல் 111 நிமிஷம் ஓடுகிற ஒரு சிறப்பு அத்தியாயத்தை ஒரே ஷாட்டில், நடுவிலே ஒரு வெட்டுகூட இல்லாமல் எடுத்தது. எவ்வளவு பெரிய உழைப்பு! கேமராக்காரர் மூச்சு விட்டிருப்பாரா என்பதே சந்தேகம். 111 நிமிஷம் வெட்டாமல் எடுக்கத் தெரிந்த தொடர், 20 வருஷக் கதையை ஒரே வெட்டாக வெட்டி நிறுத்திக்கொண்டது. வாரா வாரம் ஊரான் வீட்டுக் கதவை உடைச்சுத் திறந்த தொடருக்கு, தன் வீட்டுக் கதவைப் பதமாய்ச் சாத்தத் தெரியவில்லையே! (கைதட்டல்)

எதிரணியிலே ஒரு சகோதரி கேட்டார், "சாத்தாமல் போனதால்தானே 2024-இல் திரும்பி வர முடிந்தது?" நியாயமான கேள்வி. 2024 டிசம்பர் 21-ஆம் தேதி 'சி.ஐ.டி.' திரும்ப வந்தது. ஜனங்க கொண்டாடினாங்க. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கணக்கு பாருங்க. சிவாஜி சாட்டம் ஆரம்பிக்கும்போது அவருக்கு வயசு 47. திரும்பி வரும்போது 74. எண்ணைத் திருப்பிப் போட்டால் ஆளும் திரும்பி வந்துவிட்டார்! (சிரிப்பு) ஆனா அம்மா, நான் உங்களைத் திருப்பி ஒன்று கேட்கிறேன். எல்லாரும் திரும்பி வந்தாங்களா?

இன்ஸ்பெக்டர் ஃப்ரெடெரிக்ஸ் ஞாபகம் இருக்கா? கொலைக்கதைக்கு நடுவிலே வெகுளியாக ஏதாவது சொல்லி சிரிக்க வைப்பாரே, அவர்தான். அவராக நடித்தவர் தினேஷ் ஃபட்னிஸ். 2023 டிசம்பர் மாதம் இறந்துபோனார். 57 வயது. தொடர் திரும்பி வந்தது 2024 டிசம்பரில். ஒரே ஒரு வருஷம். அந்த மனுஷன் இருபது வருஷம் சிரிக்க வைத்தாரே, அவருக்கு ஒரு கடைசிக் காட்சி உண்டா? "வரேன் சார்" என்று ஏ.சி.பி.க்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போகிற ஒரு காட்சி? கிடையாது. அவருடைய கடைசிக் காட்சி எது என்று, நடிக்கும்போது அவருக்கே தெரிந்திருக்காது. பார்க்கும்போது நமக்கும் தெரியவில்லை. இடைவேளை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே, உங்களுக்காக எமன் வெளியே டீ குடிச்சுக்கிட்டு நிக்கமாட்டான்! அதுதான் ஐயா எங்கள் கட்சி. (நீண்ட கைதட்டல்)

மும்பை மாதுங்காவிலே எனக்கு ஒரு அத்தை. கல்யாணம் ஆகிப் போனவங்க, நாற்பது வருஷத்துக்கு மேல அங்கேயே. மாமாவும் அத்தையும் சேர்ந்து பார்த்த ஒரே தொடர் இது. மாமாவுக்குக் கொலைகாரன் யாருன்னு முதல் பத்து நிமிஷத்திலே சொல்லியாகணும். சொல்வார். தப்பாத்தான் சொல்வார். (சிரிப்பு) அத்தை கேலி பண்ணுவாங்க. மாமா காலமான பிறகும் அத்தை சனிக்கிழமை ராத்திரி பக்கத்து நாற்காலியை ஒதுக்க மாட்டாங்க. அங்கே ஒரு டம்ளர் காப்பி. அந்த அக்டோபருக்கு அப்புறம் நான் போனபோது அத்தை சொன்னாங்க: "அன்னிக்கு எனக்கு உடம்பு அசதிடா, பாதியிலேயே படுத்துட்டேன். கடைசி நாள்னு தெரிஞ்சிருந்தா உட்கார்ந்து முழுசும் பார்த்திருப்பேன்." கோபம் இல்லைங்க அந்தக் குரல்ல. ஆஸ்பத்திரியிலே கடைசி நேரத்துல பக்கத்துல இல்லாமப் போனவங்க பேசுவாங்களே, அந்தக் குரல். ஒரு தொடருக்கு இவ்வளவு வருத்தமான்னு கேட்காதீங்க. அவங்களுக்கு அது தொடர் இல்லை. மாமாவோட கடைசிப் பழக்கம்.

(அமைதி)

இப்போது எதிரணி இன்னொரு கேள்வி கேட்கும். "சரி, முடிக்கணும்னு சொல்றீங்களே, முடிச்சுப் பார்த்தாங்களே, என்ன ஆச்சு?" கேட்பாங்க. நானே சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் ஏ.சி.பி. பிரத்யுமனைக் குண்டுவெடிப்பில் சாகடித்தார்கள். 1998-இலிருந்து 2025 வரை என்று வருஷம் போட்டு, இரங்கல் அறிவிப்பே வெளியிட்டார்கள். சில பேர் நடிகரே போய்விட்டாரோ என்று பதறிப்போனாங்க. ஜனங்க கொதிச்சாங்க. அதே வருஷத்திலேயே ஏ.சி.பி. உயிரோடு திரும்பி வந்துவிட்டார்! பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்லி அனுப்பிட்டு, செத்தவரே வந்து வாசல்ல செருப்பைக் கழட்டினா எப்படி இருக்கும்? (பலத்த சிரிப்பு)

எதிரணி சொல்கிறது, இது முடித்து வைப்பதன் தோல்வி என்று. இல்லை ஐயா. இது முடித்து வைப்பதே அல்ல. சாகடிப்பது வேறு, விடைகொடுப்பது வேறு. சாகடிப்பது அதிர்ச்சிக்கு. விடைகொடுப்பது மரியாதைக்கு. இந்த வித்தியாசம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வந்த வித்தியாசம். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின கோனன் டாயில், 1893-இல் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்திலே ஒரு அருவியில் தள்ளிவிட்டார். ஏன்? கதை முடிந்துவிட்டது என்பதால் இல்லை. அவருக்கு அலுத்துவிட்டது. சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று ஆசை. விளைவு? வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் திரும்பி வந்தார். அலுப்பிலே சாகடித்தால் ஆவியாய் வரும். அன்போடு அனுப்பி வைத்தால்தான் ஆன்மா சாந்தி அடையும்! (கைதட்டல்)

அன்போடு அனுப்பி வைப்பது எப்படி? அதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இங்கிலாந்துத் தொடர். அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பாய்ரோ. முட்டை வடிவத் தலை, முறுக்கி விட்ட மீசை, நடையிலே ஒரு நறுக்கு. நடித்தவர் டேவிட் சூஷே. 1989 ஜனவரி 8-ஆம் தேதி முதல் அத்தியாயம். 2013 நவம்பர் 13-ஆம் தேதி கடைசி அத்தியாயம். மொத்தம் 70. ஆரம்பிக்கும்போது அவருக்கு 42 வயது, முடிக்கும்போது 67. ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் ஒரே மீசை! (சிரிப்பு)

அந்தக் கடைசிக் கதைக்குப் பெயர் 'கர்ட்டன்'. தமிழில் சொன்னால் 'திரை'. அந்தத் திரையை அகதா கிறிஸ்டி எப்போது நெய்தார் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே. லண்டன் மேலே குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். நாளைக்கு நாம் இருப்போமா என்று தெரியாத நேரம். அந்த அம்மா என்ன செய்தார்? பாய்ரோவின் கடைசிக் கதையை எழுதினார். அதை மகளுக்கு உரிமையாக்கி, பெட்டகத்திலே வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பாய்ரோ கதைகள் எழுதிக்கொண்டே இருந்தார். முடிவு கையில் தயார், கதையோ ஓடிக்கொண்டிருக்கிறது! 1975-இல் அந்தப் புத்தகம் வெளியே வந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, பாய்ரோ இறந்துவிட்டார் என்று முதல் பக்கத்திலே இரங்கல் செய்தி போட்டது. கற்பனை மனிதருக்கு! மறு வருஷம் ஜனவரியிலே அகதா கிறிஸ்டி காலமானார். தான் போவதற்கு முன்னால் தன் பிள்ளையை ஒழுங்காக வழியனுப்பிவிட்டுப் போனார் அந்தத் தாய். நம்ம வீட்டுப் பெரியவங்க செய்வாங்களே, நாளைக்கு நான் இல்லேன்னா இந்த நகை இவளுக்கு, இந்தப் பாத்திரம் அவளுக்குன்னு எழுதி வைப்பாங்களே, அதுமாதிரி. அது சாவை அழைக்கிறது இல்லைங்க. இருக்கிறவங்க மேல உள்ள அக்கறை. (கைதட்டல்)

தொலைக்காட்சியிலே அதை எப்படி எடுத்தார்கள்? கதையிலே பாய்ரோ சக்கர நாற்காலியிலே இருக்கிறார். எந்த வீட்டிலே அவருடைய முதல் கதை நடந்ததோ, அதே வீட்டுக்கு வருகிறார். பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸைக் கூப்பிட்டுக்கொள்கிறார். கடைசி வழக்கை முடிக்கிறார். இறந்துபோகிறார். நண்பருக்கு எதுவும் புரியவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. இறப்பதற்கு முன்னாலேயே பாய்ரோ எழுதி வைத்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, தான் செய்ததிலே எது சரி, எதைக் கடவுளிடம் விட்டுவிட்டேன், எல்லாம் அதிலே. செத்த பிறகும் துப்பு சொல்லிவிட்டுப் போன மனுஷன்! அவர் இல்லை என்கிற துக்கம் இருக்கும். ஆனால் 'ஏன்?' என்கிற கேள்வி இருக்காது. துப்பறியும் கதையின் தர்மமே அதுதானே நடுவர் அவர்களே? துக்கத்தைத் தீர்க்க முடியாது. கேள்வியைத் தீர்க்கலாம்.

இன்னும் ஒன்று. அந்த மரணக் கதையைக் கடைசியாகத்தான் ஒளிபரப்பினார்கள். ஆனால் படப்பிடிப்பிலே அதை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். சாவுக் காட்சியோடு அத்தனை வருஷ வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டாம் என்று. 2013-இல் கடைசி நாள் படப்பிடிப்பு எங்கே நடந்தது? டெவன் பகுதியிலே அகதா கிறிஸ்டியின் சொந்த வீடு, கிரீன்வே. அந்த வீட்டு வாசலுக்கு, நல்ல திடமான பாய்ரோவாக, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நடித்து முடித்தார் சூஷே. பார்க்கிறவனுக்கும் விடை, நடிக்கிறவனுக்கும் விடை, எழுதின அம்மாவுக்கும் வாசலிலே ஒரு வணக்கம். இதற்குப் பெயர்தான் முடித்து வைப்பது! (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தோழர் ஒருவர் கொலம்போவைச் சொன்னார். கொலம்போன்னா இலங்கைத் தலைநகரம் இல்லீங்க, அமெரிக்கத் தொடர். (சிரிப்பு) கசங்கின மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர். நடித்தவர் பீட்டர் ஃபாக். கேள்வி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வாசல் வரைக்கும் போவார். கொலைகாரன் 'அப்பாடா' என்று மூச்சு விடுவான். சட்டென்று திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார். அதிலேதான் மாட்டுவான். "கொலம்போவைச் சாகடிக்கவே இல்லை, அதனால் அவர் இன்றைக்கும் வாசலில் திரும்பிக்கொண்டே இருக்கிறார்" என்று அழகாகச் சொன்னார் நண்பர். கேட்க இனிமை. உண்மை என்ன? 1968-இல் தொடங்கி 69 கதைகள். கடைசிக் கதை 2003 ஜனவரியில் வந்தது. கொலம்போவுக்கு ஒரு கடைசி வழக்கு வேண்டும் என்று, தள்ளாத வயதிலேயும் பீட்டர் ஃபாக் ஆசைப்பட்டார். எடுக்க யாரும் முன்வரவில்லை. 2011-இல் அவர் போய்ச் சேர்ந்தார். எல்லாரையும் பார்த்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று சொன்ன மனுஷனுக்கு, அந்த ஒரே ஒரு விஷயம் கிடைக்கவில்லையே ஐயா! நண்பரே, நீங்கள் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறார். (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து, வயிற்றுப்பாட்டு வாதம். "ஒரு தொடரை முடித்தால் நூறு குடும்பத்தின் அடுப்பு அணையும். லைட் தூக்குகிறவர், மேக்கப் போடுகிறவர், சாப்பாடு போடுகிறவர் எல்லாரும் என்ன ஆவார்கள்?" என்று கேட்டார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உழைக்கிறவன் வயிறு பெரிய விஷயம். ஆனால் எந்தத் தொடரும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. கேள்வி, சொல்லிவிட்டு நிற்கிறதா, சொல்லாமல் நிற்கிறதா என்பதுதான். "இன்னும் ஆறு மாசம்தான் தம்பி, அதுக்குள்ள வேற இடம் பார்த்துக்கோ" என்று சொன்னால் அவன் பார்த்துக்கொள்வான். இடைவேளை என்று சொன்னால்? காத்துக்கொண்டு இருப்பான். இன்னைக்குக் கூப்பிடுவாங்க, நாளைக்குக் கூப்பிடுவாங்கன்னு போனைப் பார்த்துக்கிட்டே இருப்பான். நம்பிக்கை கொடுத்துக் காக்க வைப்பதைவிட, உண்மை சொல்லி அனுப்புவது கருணை. (கைதட்டல்)

முடித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தவறு. இங்கிலாந்திலே 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்று ஒரு தொடர், ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக் கதை. 1987-இல் ஆரம்பித்து 33 படங்கள். 2000 நவம்பரிலே மோர்ஸை இறக்க வைத்து முடித்தார்கள். அவரிடம் ஆயிரம் திட்டு வாங்கின உதவியாளர் லூயிஸ், சவக்கிடங்கிலே அந்தப் பெரியவர் நெற்றியிலே ஒரு முத்தம் கொடுத்து விடைசொல்வார். உயிரோடு இருக்கும்போது அந்த இரண்டு பேரும் அன்பை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. அந்த ஒரு முத்தத்திலே பதிமூன்று வருஷக் கணக்கு நேராகிவிட்டது. மோர்ஸாக நடித்த ஜான் தா, 2002 பிப்ரவரியில் மறைந்தார். ஒன்றேகால் வருஷம்தான் இடைவெளி. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தால் அந்தக் காட்சியே கிடையாது.

அதோடு நின்றதா? இல்லை. அந்த லூயிஸ் 2006-இலே தனித் தொடராக வந்தார். 2015 வரைக்கும் ஓடினார். மோர்ஸின் இளமைக் காலத்தை வைத்து இன்னொரு தொடர், 2012-இலிருந்து 2023 வரை. ஒழுங்காக மூடின வீட்டிலேதான் அடுத்த தலைமுறை விளக்கேற்றியது. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதானே மகன் தலையெடுக்கிறான்? வழியனுப்புதல் வாரிசுக்கு விரோதி இல்லை எதிரணி நண்பர்களே! (கைதட்டல்)

நம்ம இலக்கியத்துக்கு வாங்க. சிலப்பதிகாரம் என்ன கதை? ஒரு திருட்டு வழக்கு. ஒரு தப்பான தீர்ப்பு. சிலம்பை உடைத்ததும் முத்தா, மாணிக்கமா என்று தெரிந்துபோயிற்று. வழக்கு மதுரையிலேயே முடிந்துவிட்டது. பாண்டியனும் வீழ்ந்தான், மதுரையும் எரிந்தது. இன்றைக்குச் சின்னத்திரைக்கு எடுக்கிறவராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, 'இரண்டாம் பாகம் விரைவில்' என்று போட்டிருப்பார். (சிரிப்பு) இளங்கோவடிகள் என்ன செய்தார்? வஞ்சிக் காண்டம் என்று இன்னொரு காண்டமே பாடினார். எதற்காக? வழக்கு முடிவதற்காக இல்லை. கண்ணகி என்கிற பெண்ணை, அவள் பட்ட துன்பத்துக்குத் தகுந்த மரியாதையோடு அனுப்பி வைப்பதற்காக. வழக்கைத் தீர்ப்பது ஒரு வேலை. ஆளை வழியனுப்புவது இன்னொரு வேலை. முதல் வேலையோடு எழுந்து போய்விடுகிறவன் பாதி வேலைக்காரன்தான்.

நம்ம கச்சேரியிலே பாருங்க. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் மங்களம் பாடாமல் எழுந்திருக்க மாட்டார். தெருக்கூத்து விடிய விடிய நடக்கும், விடிஞ்சதும் மங்களம் உண்டு. அந்தக் காலத்துச் சினிமாவிலே கடைசியிலே 'சுபம்' என்று போடுவான், 'வணக்கம்' என்று போடுவான். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு கிளம்புவோம். அது வெறும் எழுத்து இல்லை ஐயா. "இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாயே, நன்றி. இனி நீ பத்திரமாக வீட்டுக்குப் போ" என்று கலைஞன் ரசிகனுக்குச் சொல்கிற உபசாரம்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் மணி அடித்துவிட்டார். பார்த்தீர்களா, நடுவரே என் கட்சிக்கு வந்துவிட்டார்! (பலத்த சிரிப்பு) இந்த மணி எதற்கு? "உன் நேரம் முடிகிறது, சொல்ல வேண்டிய கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு மரியாதையாக இறங்கு" என்பதற்கு. மணி அடிக்காமல், பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கி, "இது இடைவேளை, அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று என்னை இறக்கி விட்டிருந்தால் எனக்கும் அவமானம், கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கும் அவமானம்.

ஆகவே நடுவர் அவர்களே, இருபது வருஷம் நம் வீட்டுக் கூடத்திலே உட்கார்ந்திருந்த ஒரு தொடர் கிளம்பும்போது, நாம் கேட்பது பெரிய சன்மானம் இல்லை. 'இன்றைக்குக் கடைசி நாள்' என்று ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ள ஒரு அவகாசம். சிரிக்க வைத்தவருக்கு ஒரு கடைசி சல்யூட். அவ்வளவுதான். அதைக் கொடுக்காமல் திறந்து வைத்த கதவு, வரவேற்பு இல்லை. அது காற்றிலே அடித்துக்கொண்டே இருக்கிற கதவு. ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும், தூங்க முடியாது. யாராவது எழுந்து போய்ச் சாத்தத்தான் வேண்டும்.

எனவே நெடுந்தொடருக்கு விடைகொடுப்பதில் சிறந்தது, முடித்து வைப்பதே, முடித்து வைப்பதே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்கும்படி நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, நானும் என் பேச்சுக்கு மங்களம் பாடி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)